மேஜை மேல் விண்வெளி யுத்தம்: சரக்கு ஊர் போய்ச் சேருமா?

(நமது நிருபர்)

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் சாலைக் கம்போளம் வேறு ஊர் மாதிரி இருக்கும். மொத்த வியாபாரக் கடைகள் பலவற்றிலும் பூட்டுத் தொங்கும். லாரிச் சத்தம் ஓய்ந்திருக்கும். ஆனால், நவராத்திரிக்கு வேளிமலைக் குமாரசுவாமி வந்து தங்கும் ஆரியசாலை அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில், ஒரு பருப்பு மண்டியின் மாடியில் மட்டும் சில வாரங்களாக யுத்தம் நடந்து வருகிறது.

வாசகர்கள் பதற வேண்டாம். சட்டைப் பொத்தான்கள்தாம் போர்க்கப்பல்கள். தையல்காரரின் டேப்தான் தூரம் அளக்கும் கருவி. லூடோ பெட்டியிலிருந்து எடுத்த நான்கு பகடைகள்தாம் பீரங்கி. விண்வெளியாக விரித்திருப்பது ஒரு பழைய கறுப்புப் போர்வை.

தளபதி பிளஸ் டூ படிக்கும் பையன். மண்டியில் கணக்கு எழுதுபவரின் மகன். இரண்டு வருடமாக ஒரு நோட்டில் கதை எழுதி வருகிறான். தூரத்துக் கிரகங்களுக்குப் பிழைக்கப் போன ஜனங்கள், தாய்க் கிரகத்திலிருக்கும் குடும்பங்களுக்கு அவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அனுப்பும் ஒரே சரக்குக் கப்பல், வழிமறிக்கும் கொள்ளைக்காரர்கள், துணைக்குப் போகும் ஒரு காவல் கப்பல். அந்தக் கதையை விளையாட்டாக ஆடிப் பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை.

விதிகளை அவனாகக் கற்பிக்கவில்லை. இங்கிலாந்தில் ஜான் டஃப்லி என்பவர் 1990-களின் தொடக்கத்தில் வெளியிட்ட 'ஃபுல் த்ரஸ்ட்' என்ற விளையாட்டின் விதிகளைப் பிரதி எடுத்து வந்திருந்தான். எந்தக் கதைக்கும் பொருத்திக்கொள்ளலாம் என்ற நோக்கத்துடனேயே எழுதப்பட்ட விதிகள் அவை. வெளியீட்டாளரே பிற்பாடு அவற்றை இலவசமாகக் கொடுத்துவிட்டார்.

அதில் நமக்குப் பிடித்த அம்சம், கப்பல் நிற்பதில்லை என்பது. எட்டு அங்குல வேகத்தில் போகிற கப்பல், யாரும் தொடாவிட்டால் அடுத்த முறையும் எட்டு அங்குலம் போகும். தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட் கிளம்பிய ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. உந்துவிசை நான்கு உள்ள கப்பல் தன் வேகத்தை நான்கு வரை கூட்டலாம், குறைக்கலாம். திரும்புவதற்கு அதில் பாதிதான் செல்லும். திசையைக் கடிகார முகம் போலப் பன்னிரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். இரு தரப்பும் உத்தரவை ரகசியமாக எழுதிவைத்து, ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். சுடும்போது பகடையில் 1, 2, 3 விழுந்தால் ஒன்றுமில்லை. 4, 5 விழுந்தால் ஓர் அடி. 6 விழுந்தால் இரண்டு அடி.

முதல் ஞாயிறன்று இந்த விதிகளை அப்படியே வைத்து ஆடினார்கள். மூன்றாவது சுற்றில் கொள்ளைக்காரர்கள் சரக்குக் கப்பலைச் சுக்குநூறாக்கிவிட்டார்கள். ஜெயித்தவர்கள் கை தட்டினார்கள். பையன் நோட்டை மூடி வைத்துவிட்டான்.

"இது என் கதை இல்ல மாமா" என்றான் நம்மிடம்.

மாடிக்குச் சாக்கு எடுக்க வந்த மண்டி அண்ணாச்சி சற்று நின்று பார்த்தார். திருநெல்வேலிக்காரர். சின்ன வயதில் சரக்கு லாரியோடு வந்தவர்.

"ஏல, வழிப்பறிக்காரன் லாரிக்குத் தீ வச்சா அவனுக்கு என்னல கெடைக்கும்? சரக்குல்லா அவனுக்கு வேணும்?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். அந்த ஒரு கேள்வியில்தான் மறு ஞாயிறின் ஆட்டமே மாறிற்று.

இந்தச் சிக்கல் ஆரியசாலைப் பையன்களுக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் 1966 முதல் 1969 வரை 'ஸ்டார் டிரெக்' என்ற தொலைக்காட்சித் தொடர் வந்தது. அதில் கேப்டன் எப்போதும் இன்னும் சக்தி கேட்பார். என்ஜினீயர் இல்லை என்று கையை விரிப்பார். அந்த உலகை வைத்து 1979-ல் ஸ்டீபன் கோல் 'ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ்' என்ற விளையாட்டை அமைத்தபோது, அதன் உயிர்நாடியே சக்திப் பங்கீடு என்று ஆக்கினார். ஒவ்வொரு சுற்றிலும் ஓட்டத்துக்கு இவ்வளவு, ஆயுதத்துக்கு இவ்வளவு, கவசத்துக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சம்பளத் தேதியில் நம் வீட்டில் போடும் கணக்கேதான்.

டேவிட் வெபரின் நாவல்களில் வரும் கப்பல்களுக்கு மேலும் கீழும் எதுவும் துளைக்காத சுவர் உண்டு. முன்னும் பின்னும் திறப்பு. ஆகவே அந்த உலகுக்காக 2005-ல் வந்த விளையாட்டில் கப்பல் எந்தப் பக்கம் புரண்டிருக்கிறது என்பதற்கும் கணக்கு வைத்தார்கள். அதற்கு அடிப்படை புதிதல்ல. முன்பே இருந்த 'அட்டாக் வெக்டர்' என்ற விண்கலப் போர் விளையாட்டுத்தான்.

பார்சல் ஆபீசில் குப்பை கொட்டும் நமக்கு இது புரியக் கஷ்டமில்லை. ரயில்வேயில் இந்தியா முழுமைக்கும் 1976-ம் வருடத்து ஜெனரல் ரூல்ஸ் உண்டு. அதன்கீழ் ஒவ்வொரு மண்டலத்துக்கும் சப்சிடியரி ரூல்ஸ். அதற்கும் கீழே, ஒவ்வொரு ஸ்டேஷனின் தண்டவாள அமைப்பைப் பார்த்து எழுதிய ஸ்டேஷன் ஒர்க்கிங் ரூல்ஸ். கீழே இருப்பது மேலே இருப்பதை அடிக்கக் கூடாது. தன் ஊருக்கு வேண்டியதை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். "அதே மாதிரி செய்யேன் தம்பி" என்றோம்.

தம்பி உற்சாகத்தில் பதினொரு விதிகள் எழுதிவந்தான். இரண்டாம் ஞாயிறு மூன்று மணி நேரம் ஆடியும் சரக்குக் கப்பல் பாதிப் போர்வையைத் தாண்டவில்லை. ஒருவன் சாயா குடிக்கப் போனவன் திரும்பவே இல்லை. ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸும் இப்படித்தான் வளர்ந்து வளர்ந்து நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஆயிற்று. அதற்கும் அடிமைகள் உண்டு என்றாலும், நம் அபிப்பிராயத்தில் ஞாயிறு ஒன்றுதான் லீவு.

வெட்டி வெட்டி மூன்றில் நிறுத்தினார்கள். ஒன்று, கதையில் எரிபொருளுக்குப் பஞ்சம் என்பதால், ஒவ்வொரு கப்பலுக்கும் இருபது கட்டம் எரிபொருள். வேகத்தையோ திசையையோ எவ்வளவு மாற்றினாலும் அவ்வளவு கட்டம் அடிபடும். மூல விதியில் இந்தக் கணக்கே கிடையாது. இரண்டு, சரக்குக் கப்பலைச் சுட முடியாது. பிடிப்பதற்கு, அதே வேகத்தில், அதே திசையில் ஓடி ஒரு விரற்கடை தூரத்துக்குள் வந்து சேர வேண்டும். மூன்று, எத்தனை கப்பல் விழுந்தாலும் சரி, சரக்கு போர்வையின் அக்கரையைத் தொட்டால் ஊர்க்காரர்களுக்கு வெற்றி.

மூன்றாம் ஞாயிறு மாடியில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. துரத்துகிறவனுக்கு எரிபொருள் கரைகிறது. மறிக்கப் போகிறவனுக்கும் கரைகிறது. அண்ணாச்சியே ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஒன்பதாவது சுற்றில் கொள்ளைக்காரர்களின் கடைசிக் கப்பல் பக்கத்தில் வந்துவிட்டது. பையனின் காவல் கப்பல் குறுக்கே திரும்பிச் சுட்டது. இரண்டு ஆறு விழுந்தது. சரக்கு அக்கரை சேர்ந்தது.

எல்லோரும் கூச்சல் போட்டார்கள். பையன் மட்டும் தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் திருப்பத்தில் இருபது கட்டமும் தீர்ந்திருந்தது. காவல் கப்பல் பக்கவாட்டில், வேகம் குறையாமல், போர்வையைத் தாண்டித் தரையில் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

"நோட்டுல இந்த மாலுமி ஊர் திரும்பி, அவன் அம்மாவப் பாக்குறதா எழுதிட்டேன் மாமா."

"அப்ப இருபத்தஞ்சு கட்டம் குடுத்திரு" என்றான் ஒருவன்.

"கணக்க மாத்தக் கூடாதுல. பத்தாதுன்னா பத்தாதுதான்" என்றார் அண்ணாச்சி.

பையன் பதில் சொல்லவில்லை. பொத்தானைத் தரையிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நோட்டில் அந்தப் பக்கம் இன்றைய தேதி வரை திருத்தப்படாமல் இருக்கிறது. விதியிலும் இருபது இருபதாகவே இருக்கிறது. வருகிற ஞாயிறு இரண்டு மணிக்கு மறுபடி ஆட்டம்.