இரண்டு கதவும் ஒருசேரத் திறக்கலாமா?

உங்கள் வீட்டுக் கதவைத் திறக்க எவ்வளவு விசை வேண்டும்? சுண்டு விரலே போதும் என்பீர்கள். விண்கலத்தின் கதவு அப்படியன்று. கலத்தினுள் பூமியில் உள்ளதைப் போன்ற காற்றழுத்தம், வெளியே வெற்றிடம். ஆகவே கதவின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 1 கிலோகிராம் எடை அழுத்துகிறது. 2 மீட்டர் உயரமும் 1 மீட்டர் அகலமும் உள்ள கதவுக்கு இது 20 டன்!

காற்று வெளியேறினால் என்னாகும்? 1971 ஜூன் 30 அன்று சோயூஸ் 11 கலம் பூமிக்குத் திரும்பியபோது, தரைக்கு அருகில் திறக்கவேண்டிய சிறு வால்வு விண்வெளியிலேயே திறந்துகொண்டது. வீரர்கள் மூவரும் மாண்டனர்.

கலத்தை விட்டு வெளியே செல்வோருக்காக அமைந்ததே ஏர்லாக். இது உட்கதவு, வெளிக்கதவு என இரு கதவுகள் கொண்ட சிற்றறை. உள்ளே நுழைந்ததும் உட்கதவை மூடவேண்டும். அறையின் காற்றை அகற்றவேண்டும். அதன் பின்னரே வெளிக்கதவைத் திறக்கலாம்.

இதைத் தானாகவே நடக்கச் செய்ய முடியுமா? 'ஸ்பேஸ் எஞ்சினியர்ஸ்' என்னும் கணினி விளையாட்டில் நீங்களே செய்து பார்க்கலாம். அதில் விண்கலம் கட்டுவோர் கதவுகளோடு, ஆள் வருவதை அறியும் உணர்கருவி, காற்றை ஏற்றி இறக்கும் கருவி, டைமர் ஆகியவற்றையும் பொருத்துகிறார்கள்.

பலர் முதலில் நாடுவது டைமரையே. 'உட்கதவை மூடு, 10 நொடி பொறு, வெளிக்கதவைத் திற' என்று கட்டளை தருகின்றனர். எளிய வழிதான். ஆனால் இறக்கிய காற்றைச் சேமிக்கும் தொட்டி நிரம்பியிருந்தால்? காற்று அறையிலேயே தங்கிவிடும். டைமருக்கு அது தெரியாது. 10 நொடி முடிந்ததும் கதவைத் திறந்துவிடும், காற்று வீணாகும். உட்கதவும் மூடாதிருந்தால் கலத்தின் காற்றே பறிபோகும்!

எனவே நேரத்தை நம்பாமல் நிலையைக் கேட்கவேண்டும். உட்கதவு மூடியிருக்கவும் வேண்டும்; அறையில் காற்று இல்லாதிருக்கவும் வேண்டும். இரண்டுக்கும் 'ஆம்' என்ற விடை வந்தால்தான் வெளிக்கதவு திறக்கலாம். இதில் வரும் 'உம்' என்னும் சொல்லைக் கவனித்தீர்களா? மின்னணுச் சுற்றுகளில் இதே வேலையைச் செய்வதை 'உம் வாயில்' என்கிறோம். விளையாட்டில் காற்றை இறக்கும் கருவியே, அறை வெறுமையானதும் கட்டளை அனுப்பும்படி அமைக்கலாம்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. வெளியே சென்றவர் திரும்பி வருகிறார். உட்கதவு திறக்குமுன் கேட்கவேண்டிய இரு கேள்விகள் யாவை? தாளில் எழுதிப் பாருங்கள்.