இரவல் நுட்பம் சொந்தமாவது எப்போது?

காஞ்சித் தறிகள் பலவற்றின் மேல் அமர்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டி நம் நாட்டில் பிறந்ததன்று. பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டளவில் அமைத்தது. ஆயினும் அன்னமும் மயிலும் யாளியும் சேலையில் எழ, அட்டையில் எங்கே துளையிட வேண்டும் என்பதை நம்மவர் கற்றுக்கொண்டனர். எனவே அது நம்முடையதாயிற்று. பெட்டியை மட்டும் வாங்கி, அட்டைக்கு லியோனையே நம்பியிருந்தால்? நம் நாட்டின் அணுமின் துறையிலும் இதே கேள்வி எழுந்தது.

வளரும் நாட்டில் மூலதனமும் நுட்ப அறிவும் குறைவு. ஆதலால் அன்னிய உதவியை நாடுவது குற்றமன்று. மும்பைக்கு வடக்கே தாராப்பூரில், அமெரிக்கக் கடனுதவியுடன், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் இரண்டு அணு உலைகளை முழுமையாகக் கட்டிக் கொடுத்தது. 1969-இல் அவை மின்சாரம் அளித்தன. ஆனால் அவற்றுக்குத் தேவையான செறிவூட்டிய யுரேனியமும் அமெரிக்காவிலிருந்தே வரவேண்டியிருந்தது. 1974-இல் இந்தியா பொக்ரானில் அணுவெடிச் சோதனை நடத்தியது. 1978-இல் அமெரிக்கா இயற்றிய சட்டத்தால் எரிபொருள் வரத்து தடைப்பட்டது. 1982-இல் பிரான்சு முன்வந்த பின்னரே வழி பிறந்தது.

இராஜஸ்தான் நிலையத்தின் கதை வேறு. அங்கே கனடா துணை நின்றது. அவ்வகை உலைக்குச் செறிவூட்டாத இயற்கை யுரேனியமே போதும். நியூட்ரான்களை வீணாக்காமல் அவற்றின் வேகத்தைத் தணிக்கும் வேலையைக் கனநீர் செய்கிறது. 1974-க்குப் பின் கனடா விலகிக்கொண்டது. ஆனால் வரைபடத்தோடு அதன் பொருளையும் நம் பொறியாளர்கள் கற்றிருந்தனர். இரண்டாம் உலையை அவர்களே முடித்தனர். அந்த அறிவைக் கொண்டே, பாலாறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகே, கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையம் எழுந்தது. அதன் முதல் உலை 1983-இலும் அடுத்தது 1985-இலும் இயங்கத் தொடங்கின.

அதே கல்பாக்கத்தில் பிரெஞ்சு வடிவமைப்பைத் தழுவி வேக ஈனுலை ஒன்றும் அமைந்தது. அதற்கும் வெளிநாட்டு எரிபொருள் கிட்டவில்லை. நம் விஞ்ஞானிகள் புளுட்டோனியமும் யுரேனியமும் கலந்த கார்பைடு எரிபொருளை உருவாக்கி, 1985 அக்டோபரில் அதை இயக்கிக் காட்டினர்.

இதற்கு நாம் விலை கொடுக்காமல் இல்லை. 1971-இல் தொடங்கிய கல்பாக்கத்து முதல் உலை முடிவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. எனினும் அந்தக் காலம் வீணன்று. அது நாம் கற்ற காலம்.

ஆகவே மாணவ நண்பர்களே, அன்னிய மூலதனம் வருகிறது என்றால், எவ்வளவு என்பதோடு நின்றுவிடாதீர்கள். எரிபொருள் யாரிடம்? உதிரி உறுப்புகள் யாரிடம்? வரைபடத்தின் பொருளை நமக்குக் கற்பிப்பார்களா? இவற்றையும் கேளுங்கள். பெட்டி எங்கிருந்தும் வரலாம். அட்டையில் துளையிடும் அறிவு நம்மிடம் இருக்கவேண்டும்.