தூக்க மாத்திரை கேட்டவர்கள்

திருப்பூரில், பனியன் கம்பெனிகளுக்கு நடுவே மருந்துக்கடை நடத்துகிறேன். 2020 மார்ச் 25 முதல் ஊரே அடைந்து கிடந்தபோதும் மருந்துக்கடைக்குப் பூட்டு இல்லை. முதலில் முகக்கவசம், சானிடைசர், கபசுரக் குடிநீர்ப் பொடி என்றே கேட்டு வந்தார்கள். ஊரடங்கு நீள நீள, கேட்பது மாறியது. "நெஞ்சு படபடங்குதுங்ணா." "விடியக்காலம் வரைக்கும் கண்ணு மூடமாட்டேங்குது, ஒரு தூக்க மாத்திரை குடுங்க." "சோறு எறங்கலீங்க, கேஸ் மாத்திரை இருக்குதுங்களா?" வயிறு, நெஞ்சு, தலை என்று சொன்னார்களே தவிர, மனசு சரியில்லை என்று மருந்து கேட்டவர் அபூர்வம்.

அந்த ஆண்டின் உலகக் கணக்கை லான்செட் மருத்துவ இதழ் 2021 அக்டோபரில் வெளியிட்டது. 2020-இல் மட்டும் மனச்சோர்வு சுமார் 5 கோடியே 30 லட்சம் பேரையும், பதற்ற நோய் சுமார் 7 கோடியே 60 லட்சம் பேரையும் கூடுதலாகப் பிடித்தது என்பது அதன் மதிப்பீடு. இரண்டிலுமே கால் பங்குக்கு மேல் ஏற்றம். பெண்களும் இளவயதினரும்தான் அதிகம் அடிபட்டார்கள்.

ஏன் என்பது கல்லாவில் உட்கார்ந்திருந்தாலே தெரிந்தது. எங்கள் ஊரில் சனிக்கிழமை சம்பள நாள். கம்பெனி மூடியதும் சம்பளம் நின்றது. வாடகையும் சீட்டுப் பணமும் வட்டியும் நிற்கவில்லை. சர்க்கரை, பிரஷர் மாத்திரையை ஒரு மாதத்துக்கு வாங்கியவர்கள் பத்து நாளுக்குப் போதும் என்றார்கள். "அடுத்த வாரம் தர்றனுங்க" என்று நோட்டில் எழுதச் சொன்னவர்கள்தான் பெரும்பாலும் தூக்கமில்லை என்றும் சொன்னார்கள். பெண்களுக்கு வேலையும் போய், வீட்டுப்பாடு இரட்டிப்பானது. ஒற்றை அறைக்குள் எல்லோரும். இருப்பது ஒரு செல்போன், அதில்தான் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு. 2021 ஜூனில் பிளஸ் டூ பொதுத்தேர்வு ரத்தானபோது, மார்க் எப்படிப் போடுவார்கள், காலேஜ் கிடைக்குமா என்று நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் தவித்தார்கள்.

இரண்டாம் அலை அடித்த 2021 மே மாதம் பல்ஸ் ஆக்சிமீட்டருக்கு ஏகக் கிராக்கி. ஓர் அக்கா வாங்கிய மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார். "மிஷினு கோளாறுங்க. ஒருக்கா 91 காட்டுது, ஒருக்கா 97 காட்டுது. ராத்திரி பூரா பாத்துட்டே இருந்தன். மூச்சு முட்டுது, உதடெல்லாம் மரமரன்னு இருக்குது." விரல்கள் ஜில்லிட்டிருந்தன, நகத்தில் மருதாணி. இரண்டுமே அந்தக் கருவியைத் தப்பாகக் காட்ட வைக்கும். ஸ்டூலில் உட்காரச் சொல்லி, கையைத் தேய்த்துச் சூடாக்கச் சொல்லி, மருதாணி படாத விரலில் மாட்டினேன். ஆக்சிஜன் 98. நாடிதான் 118.

பயந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் அடித்துக்கொள்கிறது, மூச்சு வாங்குகிறது. தேவைக்கு மேல் மூச்சு விட விட, ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. உதடும் விரல் நுனியும் மரத்துப்போவதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். மூச்சுத்திணறல் என்றாலே கொரோனா என்று டிவி பயமுறுத்திக்கொண்டிருந்த நேரம் அது. பயத்தில் வந்த மூச்சிரைப்பைப் பார்த்தே நோய் வந்துவிட்டதென்று இன்னும் பயந்தார்கள். அக்காவிடம் சொன்னேன்: "மணிக்கொருக்கா பாக்காதீங்க. 94-க்குக் கீழ எறங்குனா உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அவர் தூக்க மாத்திரையும் கேட்டார், தரவில்லை. அல்பிரசோலம் போன்றவை எச்1 பட்டியலில் இருப்பவை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் டாக்டர், நோயாளி, மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். சட்டம் இருக்கட்டும், அந்த மாத்திரை அன்றைய ராத்திரியைத்தான் கடத்தும். தொடர்ந்து போட்டால் பழகிவிடும்; திடீரென்று விட்டால் படபடப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும்.

மனச்சோர்வுக்கு டாக்டர்கள் எழுதும் எஸ்சிடாலோபிராம் போன்றவை வேறு வகை. அவை பிடிக்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நாலு நாள் போட்டுவிட்டு "ஒண்ணும் கேக்கலீங்க" என்று நிறுத்துகிறவர்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பலருக்கு மாத்திரையே வேண்டியிருக்காது. ஆலோசகரிடம் சில முறை உட்கார்ந்து பேசினாலே தெளிவு வரும்.

இப்போதெல்லாம் தூக்க மாத்திரை கேட்டு வருகிறவரிடம், "எத்தன நாளா இப்பிடி இருக்குது?" என்று கேட்பேன். கொள்ளைநோய் காலத்தில் பயமே இல்லாதவர் யார்? ரெண்டு நாள் தூக்கம் கெட்டுத் தானே தெளிவது நோயல்ல. டாக்டர்கள் பயன்படுத்தும் பிஹெச்க்யூ-9 வினாத்தாள் கடந்த இரண்டு வாரத்தைத்தான் விசாரிக்கிறது: எதிலாவது நாட்டம் உண்டா, தூக்கம், பசி எப்படி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா என 9 கேள்விகள். மொத்தம் 27-க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரைப் பார்ப்பதே நல்லது.

கம்பெனிகள் மறுபடி ஓடுகின்றன. அன்று வாங்கிய கடன் பல வீடுகளில் அடையவில்லை, தூக்கமும் திரும்பவில்லை. அவர்களுக்கு மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் ஆலோசனையும் மருந்தும் இலவசம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-இல் எந்நேரமும் தமிழில் பேசலாம், 104-லும் பேசலாம். சாவு நினைப்பு வருகிறவர்களுக்கு மட்டும் இரண்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது. அன்றைக்கே பேச வேண்டும், தனியாக விடக் கூடாது. அப்படிச் சொல்கிறவரைக் கடையிலேயே உட்காரவைத்து, வீட்டு ஆளை வரவழைத்த பிறகுதான் அனுப்புகிறேன்.