வேலையற்ற வாலிபரும் ஊர் அமைதியும்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஸ்ரீ வைத்தியநாத சுவாமி கோயில் கொண்டிருக்கிறார். பிணி தீர்க்கும் அப்பெருமானின் ஊரைச் சூழ்ந்த கிராமங்களைப் பீடித்துள்ள ஒரு பிணியைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

1997-ஆம் வருஷம் விருதுநகர் ஜில்லாவுக்கென ஏற்பட்ட போக்குவரத்துக் கழகத்துக்குச் சர்க்கார் வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்டினர். கட்டபொம்மன் படையில் நின்று வெள்ளையரை எதிர்த்து உயிர் நீத்தவர் அவர். ஆயினும், அவர் பிறந்த ஜாதியைக் கருதி, அப்பெயர் தாங்கிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று சொன்னவர்களும் இருந்தனர். பஸ்கள் கல்லடி பட்டன, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கிராமங்களில் கலகம் மூண்டது, உயிர்களும் போயின. அவ்வருஷம் ஜூலையில் கழகங்களுக்கும் ஜில்லாக்களுக்கும் இருந்த தலைவர்களின் பெயர்கள் யாவும் நீக்கப்பட்டன. பெயரை அழிக்க ஒரு டப்பா வர்ணம் போதும்!

பின்னர் நீதிபதி ரத்னவேல் பாண்டியன் தலைமையில் அமைந்த உயர்மட்டக் குழு, தென் ஜில்லாக்களில் தொழில்களைப் பெருக்கி வாலிபர்களுக்கு வேலை அளிக்க வேண்டுமென்று 1998-ல் யோசனை கூறிற்று. அது மெய்யான யோசனை. ஆனால், பசியே ஜாதிச் சண்டைக்குக் காரணமென்று எவரேனும் முடிவு கட்டினால் நாம் ஒப்போம். ராஜபாளையத்தில் 1936 முதல் பஞ்சாலை இருக்கிறது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் பாண்டேஜ் துணி நெய்கிறார்கள். வேலையே காணாத சீமையன்று அது. விதை ஜாதி இறுமாப்புத்தான்; வேலையின்மை அதற்கு நிலத்தை உழுது கொடுக்கிறது.

எவ்வாறெனில், பள்ளிப்படிப்பு முடித்த பையன் ஏர் பிடிக்க மனமின்றி நிற்கிறான். மானாவாரி நிலமோ அவன் தகப்பனாருக்கே போதவில்லை. உத்தியோகமும் அவனை அழைப்பதில்லை. அவனை மதித்து அழைப்பவர் ஜாதிக் கொடி பிடிப்பவர் ஒருவரே. அழைத்தவர் பின்னால் நின்றுகொள்கிறார், முன்னால் போன பையன் மீது போலீஸ் வழக்கு விழுகிறது. அதன்பின் நடப்பதை நம்மவர் கவனிப்பதில்லை. சர்க்கார் உத்தியோகமாயினும், கடல் கடந்து போகப் பாஸ்போர்ட்டாயினும், நடத்தை குறித்துப் போலீஸார் விசாரித்த பிறகே கிட்டும். வழக்கு முடியும்வரை அவ்வாயில் திறப்பது அரிது. முடிவதற்குள் வயதும் கடந்து விடுகிறது. வேலையில்லாததால் கலகத்துக்குப் போனவன், கலகத்துக்குப் போனதால் வேலையற்றவனாகிறான். அடுத்த கலகத்துக்கும் அவனே தயாராக இருக்கிறான். எரிந்த குடிசையில் அனைத்தையும் இழந்தவரின் பிள்ளைக்கோ இந்தச் சுற்றுக்கூட இல்லை. அவன் ஊரைவிட்டே போகிறான்.

திருநெல்வேலி ஜில்லா நாங்குநேரியில் தொழில்களுக்கென ஒதுக்கிய சுமார் 2,500 ஏக்கர் பல்லாண்டுகள் வெறும் பொட்டலாகவே கிடந்தது. அதே நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு பட்டியலின மாணவன் தன் வீட்டிலேயே வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் அவனுடன் பயின்ற பையன்களும் இருந்தனர். இம்முறை நீதிபதி சந்துரு விசாரித்து, 2024 ஜூனில் அறிக்கை அளித்தார். முன்னைய அறிக்கைக்கும் இதற்கும் இடையே இருபத்தாறு வருஷங்கள். அக்காலத்தில் பிறந்த குழந்தைகள் இப்போது வேலை தேடும் வயதில் நிற்கிறார்கள்.