மீன்தூளின் மறைந்த விலை

இறால் பண்ணையின் உற்பத்திச் செலவில் ஏறத்தாழ பாதி தீவனத்துக்கே போகிறது. அத்தீவனத்தின் முக்கியப் புரதம் மீன்தூள். எளியோர் வாங்கிச் சமைக்கும் மத்தி போன்ற சிறுமீன்கள் அரைபட்டு, ஏற்றுமதி இறாலுக்கு இரையாகின்றன. பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மீன்தூளின் சந்தை விலையில் இந்த இழப்பு சேர்வதில்லை.

மாற்று, நுண்பாசி. இது புதிதன்று; பொரிப்பகங்களில் இறால் குஞ்சுகளுக்குத் தொடக்கத்தில் கீட்டோசெராஸ் பாசியைத்தான் ஊட்டுகின்றனர். கடல்மீனின் ஒமேகா-3 கொழுப்புக்கும் மூலம் பாசியே. தடையாக இருப்பது விலை. பெருமளவு நீரிலிருந்து சிறிதளவு பாசியைப் பிரித்து உலர்த்த மிகுந்த ஆற்றல் செலவாகிறது.

1987-இல் தொடங்கப்பட்ட, சென்னையில் இயங்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை இச்செலவைக் குறைக்கும் ஆய்வில் ஈடுபட, அரசு தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும். ஏற்றுமதி வருவாயில் ஒரு பங்கை அதற்கெனத் திருப்புவதே நியாயம்.