கை சின்னது என்றால் வண்டியைச் சரிப்படுத்துவோம்



முன்பெல்லாம் தோட்டத்து ரோட்டில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால், துரையோ ஐயாமாரோ மலைக்கு வருகிறார்கள் என்று அர்த்தம். இன்றைக்கு நிலைமை வேறு. பள்ளிக்கூட டீச்சர், மருத்துவிச்சி, பிள்ளை மடுவத்தைப் பார்க்கும் அக்கா, டவுன் கடைக்கு வேலைக்குப் போகும் தங்கச்சி என்று பலரும் வண்டி ஓட்டுகிறார்கள். பஸ் வராத டிவிசனில் இருந்து காய்ச்சல்காரப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அந்த வண்டிதான் துணை.

ஆனால் பழகும்போதே சிலர் விட்டுவிடுகிறார்கள். பிரேக் எட்டவில்லை, கிளச்சைப் பிடித்தால் விரல் வலிக்கிறது என்பார்கள். "உனக்குக் கை சின்னது, உனக்கெல்லாம் இது சரிவராது" என்று பக்கத்தில் இருப்பவர்களும் சொல்லிவிடுவார்கள். கட்டையான ஆம்பளைப் பிள்ளைகளும் இந்தப் பேச்சைக் கேட்கத்தான் செய்கிறார்கள்.

கொழுந்துக் கூடையின் கயிறு நீளமாக இருந்தால் நாம் என்ன செய்கிறோம்? நம்ம உயரத்துக்கு ஏத்த மாதிரி குறைத்துக் கட்டிக்கொள்கிறோம். எனக்கு உயரம் போதாது என்று யாரும் மலைக்குப் போகாமல் இருப்பதில்லை. வண்டியும் அப்படித்தான். அதன் லீவர்களையும் கேபிள்களையும் ஓட்டுகிறவரின் கைக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் மாற்றலாம். அதில் பாதி வேலைக்குக் காசே செலவில்லை. ஆனால் எதை மாற்றலாம், எதில் கை வைக்கவே கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

எட்டாத லீவரால் என்ன ஆபத்து?

விரல் முழுக்க நீண்டு நிற்கும்போது கைக்குப் பலம் குறைவு. விரல் பாதி மடங்கிய நிலையில்தான் நன்றாக இறுக்கிப் பிடிக்க முடியும். வாளியைத் தூக்கும்போது நுனி விரலால் தூக்கிப் பாருங்க, உள்விரலால் தூக்கிப் பாருங்க, வித்தியாசம் தெரியும். லீவர் தூரமாக இருந்தால் நுனி விரல்தான் அதில் படும். அவசரத்துக்குப் பிடித்தாலும் பிரேக் முழுசாகப் பிடிக்காது.

நேரமும் வீணாகிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு செக்கனில் 8 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். விரல் லீவரைத் தேடுவதில் அரை செக்கன் போனால், பிரேக் பிடிக்க முன்னமே வண்டி 4 மீட்டர் போய்விடும். நம்ம பக்கத்து முடக்குகளில் அந்த 4 மீட்டரில்தான் பள்ளம் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. வலது கையில்தான் அக்சிலேட்டரும் இருக்கிறது. தூரத்தில் இருக்கும் லீவரை எட்டிப் பிடிக்க மணிக்கட்டைத் திருப்பும்போது, அக்சிலேட்டரும் சேர்ந்து முறுகலாம். நிறுத்தப் போன வண்டி பாயும்.

கியர் மோட்டார் சைக்கிளில் பின் பிரேக் காலில் இருக்கும். ஸ்கூட்டரிலோ ஸ்கூட்டியிலோ இரண்டு பிரேக்கும் கையில்தான். இறக்கத்தில் கியரைக் குறைத்து வேகத்தை அடக்கவும் வழியில்லை. ஆகவே, பெண்பிள்ளைகளுக்குச் சுலபம் என்று வாங்கும் ஸ்கூட்டரில்தான் லீவர் கைக்குப் பொருந்துவது மிக முக்கியம்.

முதலில் சோதித்துப் பாருங்க

வண்டியை மட்டமான இடத்தில் நிறுத்தி, ஏறி உட்காருங்க. உள்ளங்கை கைப்பிடியில் முழுசாகப் படும்படி பிடியுங்க. கையை அசைக்காமல் விரல்களை மட்டும் நீட்டி லீவரில் வையுங்க. நுனியில் இருந்து முதல் மடிப்பாவது லீவரில் பட வேண்டும். அதைவிட உள்ளே பட்டால் இன்னும் நல்லது. வெறும் நுனி மட்டும் பட்டாலோ, எட்டுவதற்காகப் பெருவிரல் கைப்பிடியை விட்டாலோ, லீவர் உங்களுக்குத் தூரம்.

காசு செலவில்லாத வேலைகள்

1. கைப்பிடியின் தடிப்பைக் குறையுங்க. மெத்தென்று இருக்கட்டும் என்று பலர் கைப்பிடிக்கு மேலே பஞ்சு உறை போடுகிறார்கள். சின்னக் கைக்கு அது எதிரி. கைப்பிடி தடித்தால் விரல் சுற்றி வரும் தூரம் கூடும், லீவரை எட்டும் நீளம் குறையும். அதைக் கழற்றினாலே சிலருக்குப் பாதிப் பிரச்சினை தீரும்.

2. லீவரின் சாய்வைப் பாருங்க. உட்கார்ந்து கையை நீட்டினால் முழங்கை, மணிக்கட்டு, விரல் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். லீவர் மேலே தூக்கி நின்றால் மணிக்கட்டு மடங்கும், எட்டும் தூரமும் குறையும். லீவரை ஹேண்டிலோடு பிடித்திருக்கும் பிடியின் போல்ட்டைத் தளர்த்தி, கொஞ்சம் கீழே திருப்பி, மறுபடி இறுக்கலாம். டிஸ்க் பிரேக் வண்டியில் எண்ணெய்க் கிண்ணம் அதிகம் சரியாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பல ஸ்கூட்டர்களில் பிளாஸ்டிக் மூடி இருப்பதால் திருப்ப இடமிருக்காது. அதை வற்புறுத்தித் திருப்ப வேண்டாம்.

3. கிளச் கேபிளைச் சரிபாருங்க. லீவரை இழுக்கும்போது, கேபிள் இறுகுவதற்கு முன் சும்மா வரும் தூரத்தை மெக்கானிக்மார் 'பிளே' என்பார்கள். லீவரின் நுனியில் அளந்தால் பல சிறிய வண்டிகளுக்கு இது 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று வண்டிப் புத்தகத்தில் இருக்கும். சின்னக் கைக்காரர் அந்த அளவின் கூடின பக்கத்தில் வைத்துக்கொண்டால், கிளச் பிடிக்கும் இடம் கைக்குக் கிட்ட வரும். அளவைத் தாண்டித் தளர்த்தினால் கிளச் முழுசாக விடாது, கியர் மாற்றும்போது 'கர்' என்று சத்தம் வரும். அளவுக்குக் குறைத்து இறுக்கினால் கிளச் வழுக்கி, தட்டுகள் தேயும்.

4. கேபிளுக்கு எண்ணெய் விடுங்க. கிளச் பாரமாக இருப்பதற்குக் காரணம் பல நேரம் கை அல்ல, காய்ந்து துருப்பிடித்த கேபிள்தான். நம்ம மழைக்கும் பனிக்கும் அது சீக்கிரம் கெட்டுப்போகும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அதனால் பழைய வண்டியையே ஓட்டியவர்கள் நிறையப் பேர். கேபிளின் மேல்முனையைக் கழற்றி மெல்லிய எண்ணெய் விட்டு, லீவர் சுழலும் ஆணிக்கு கிரீஸ் வைத்தால் பாரம் குறையும். நூல் பிரிந்த கேபிளுக்கு எண்ணெய் விட்டுப் பயனில்லை, மாற்ற வேண்டும்.

5. கையுறையைக் கவனியுங்க. விடியற்காலைக் குளிரில் விரல் மரத்துப்போகும், ஆகவே கையுறை தேவைதான். ஆனால் தடித்த கம்பளிக் கையுறை விரலைக் குட்டையாக்கும், வழுக்கவும் செய்யும். கையோடு ஒட்டி நிற்கும் சரியான அளவைத் தேடி வாங்குங்க.

பிரேக் விசயத்தில் தனிக் கவனம்

டிரம் பிரேக் வண்டியிலும் லீவருக்கு 'பிளே' உண்டு. வண்டிக்கு வண்டி அளவு மாறும், புத்தகத்தைப் பாருங்க. கைக்குக் கிட்ட வரட்டும் என்று அந்த அளவுக்கு மேல் தளர்த்துவது உயிரோடு விளையாடும் வேலை. பிரேக்கை முழுப் பலத்தோடு இறுக்கினாலும் லீவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு விரல் தடிப்பாவது இடைவெளி இருக்க வேண்டும். லீவர் கைப்பிடியில் முட்டினால் அதற்கு மேல் பிரேக் கிடையாது. நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறும்போது லீவர் இன்னும் உள்ளே வரும் என்பதையும் மறக்கக் கூடாது. சில ஸ்கூட்டர்களில் இடது லீவரைப் பிடித்தால் இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் பிடிக்கும். அவற்றை மெக்கானிக்கிடமே விடுங்க.

டிஸ்க் பிரேக் லீவரைக் கிட்டக் கொண்டுவர, நடுவில் தகடோ ஆணியோ சொருகுகிறவர்கள் உண்டு. இதைச் செய்யவே கூடாது. லீவர் எப்போதும் கொஞ்சம் அழுத்தியபடி நின்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் எண்ணெய் திரும்பி வரும் சின்னத் துளை அடைபடும். ஓட ஓட எண்ணெய் சூடாகி, பிரேக் தானாக இறுகி, சக்கரம் நடு ரோட்டில் பூட்டிக்கொள்ளலாம்.

காசு செலவழிப்பதென்றால்

சில வண்டிகளில் லீவரிலேயே இலக்கம் போட்ட சின்னச் சக்கரம் இருக்கும். லீவரை முன்னுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அதைத் திருப்பினால், லீவர் கைக்குக் கிட்ட வரும். உங்கள் வண்டிக்குப் பொருந்தும் இப்படியான லீவர் கிடைத்தால் வாங்கிப் போடலாம். கைப்பிடிப் பக்கமாக வளைந்து வரும் லீவரும் உதவும்.

கடையில் 'ஷார்ட் லீவர்' என்று குட்டை லீவர் காட்டுவார்கள். சின்னக் கைக்குச் சின்ன லீவர்தானே என்று ஏமாற வேண்டாம். கைக்குச் சிரமம் லீவரின் நீளத்தால் அல்ல, கைப்பிடியில் இருந்து அது நிற்கும் தூரத்தால். அலவாங்கு நீளமாக இருந்தால்தான் கல்லைப் புரட்டுவது சுலபம். லீவரும் அப்படித்தான். குட்டையாக்கினால் பிடிப்பதற்கு இன்னும் பலம் வேண்டும். நாள் முழுக்கக் கொழுந்து எடுத்து ஓய்ந்த விரலுக்கு அது தாங்காது.

இருக்கும் லீவரைச் சூடாக்கி வளைப்பதும், அராவிக் குறைப்பதும் ஆபத்து. அது பெரும்பாலும் அலுமினியம் கலந்த உலோகம். வளைத்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும், பிறகு அவசரப் பிரேக்கில் முறியும். நுனியில் இருக்கும் உருண்டையையும் வெட்ட வேண்டாம். விழுந்தால் லீவர் உடம்பில் குத்தாமல் இருக்கத்தான் அது இருக்கிறது.

வேலை முடிந்ததும்

எந்த மாற்றம் செய்தாலும் இவற்றைப் பாருங்க:

- ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்புங்க. கேபிள் இழுபடக் கூடாது, இஞ்சின் சத்தம் கூடக் கூடாது.
- அக்சிலேட்டரை முறுக்கி விட்டால் தானாகத் திரும்ப வேண்டும்.
- வண்டியைத் தள்ளிப் பாருங்க. பிரேக்கை விட்டதும் சக்கரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும்.
- இரண்டு பிரேக்குக்கும் பின் லைட் எரிய வேண்டும்.
- முதலில் மைதானத்தில் மெதுவாக ஓட்டி, பல தடவை நிறுத்திப் பழகுங்க. அதற்குப் பிறகுதான் இறக்கம். பிள்ளையை ஏற்றுவது அதற்கும் பிறகு.

ஒரே வண்டியை அண்ணனும் தங்கச்சியும் ஓட்டும் வீடுகள் உண்டு. அப்படியான வீட்டில் சின்னக் கைக்காரருக்கு ஏத்த மாதிரி வைப்பதே நல்லது. பெரிய கை கிட்ட இருக்கும் லீவரைப் பிடித்துக்கொள்ளும், சின்னக் கையால் தூரத்து லீவரைப் பிடிக்க முடியாது.

ஓட்டுகிறவரின் கையை நினைத்து வண்டி செய்வது புதுசல்ல. ஜப்பானில் ஹொண்டா கம்பெனி 1958இல் சூப்பர் கப் என்ற வண்டியை வெளியிட்டது. சாப்பாடு கொண்டு கொடுக்கிறவர் ஒரு கையில் தட்டைத் தூக்கிக்கொண்டு மறு கையால் ஓட்ட வேண்டும் என்று நினைத்து, கிளச் லீவரே இல்லாமல் அதைச் செய்தார்கள். நம்ம நாட்டிலும் ஓடிய ஹொண்டா சி 50, சி 90 எல்லாம் அந்தக் குடும்பம்தான். 2017 ஆகும்போது அந்த வகை வண்டிகள் 10 கோடி செய்யப்பட்டிருந்தன.

ஆகவே, இனி வீட்டில் ஒரு பிள்ளை "எனக்கு பிரேக் எட்டவில்லை" என்றால், நீ ஓட்டாதே என்று சொல்லாதீங்க. வண்டியை மட்டமான இடத்தில் நிறுத்தி, அந்தப் பிள்ளையை ஏறி உட்காரச் சொல்லி, விரல் லீவரில் எங்கே படுகிறது என்று பாருங்க. தெரியாத வேலையை நல்ல மெக்கானிக்கிடம் கொடுங்க. அவர் லீவரை இறுக்கும்போது, ஓட்டப்போகிற பிள்ளையே வண்டியில் உட்கார்ந்திருக்கட்டும். அளவு எடுக்க வேண்டியது அந்தக் கையில்தான்.