சாவி திருப்பினா ஸ்பார்க் எங்க? பழைய டிராக்டர் ஸ்டார்ட் ஆகாத கதை

சென்னையிலயோ பெங்களூர்லயோ ஹெட்போன் மாட்டிட்டு இதைக் கேக்குற பல பேருக்கு, சிதம்பரம் பக்கமோ கடலூர் பக்கமோ ஒரு வீடு இருக்கும். அந்த வீட்டு ஷெட்டுல ஒரு பழைய மாஸி ஃபெர்குசன் 1035 நிக்கும். சம்பா உழவு நேரத்துல ஊர்லேருந்து போன் வரும்: "தம்பி, வண்டி ஸ்டார்ட் ஆவல, நீ இன்ஜினியரிங்தானே படிச்ச?" சாஃப்ட்வேர்னு சொல்லித் தப்பிக்க முடியாது. வாய்க்கால்ல தண்ணி வந்தாச்சு, நாத்து ரெடி, வாடகை வண்டிக்கு ஊரே வரிசையில நிக்குது. அதனால இன்னைக்கு இதைத்தான் பேசப் போறோம்.

முதல்ல ஒரு அடிப்படை. இக்னிஷன்னு சொன்னதும் நம்ம மூளை பைக்குக்குப் போயிடும். ப்ளக்கைக் கழட்டு, ஸ்பார்க் வருதா பாரு. நம்ம ஊர் டிராக்டர்ல அந்த ப்ளக்கே கிடையாது. 1940-கள்ல இங்கிலாந்துல வந்த ஃபெர்குசன் டிஇ20 மாதிரி வண்டிகள்ல பெட்ரோல் இன்ஜின், காயில், பாயின்ட் எல்லாம் இருந்துச்சு. நம்ம 1035-ல இருக்கிறது சிம்ப்சன் கம்பெனியோட மூணு சிலிண்டர் டீசல் இன்ஜின். டீசலைப் பத்த வைக்கிறது மின்சாரம் இல்ல, வெறும் காத்து.

சைக்கிள் பம்ப் அடிச்சா அதோட அடிப்பக்கம் சுடும் இல்லையா? அதேதான். சிலிண்டருக்குள்ள வந்த காத்தை பிஸ்டன் சுமார் 16 மடங்கு, 17 மடங்கு சின்னதா அமுக்குது. காத்தோட சூடு 500 டிகிரியைத் தாண்டுது. டீசல் தானா பத்திக்க அதுல பாதி சூடே போதும். அந்த நொடியில நாசில் டீசலைப் புகையா பீச்சுது, பத்திக்குது. ருடால்ஃப் டீசல் 1890-கள்ல செஞ்சு காட்டின அதே விஷயம்தான்.

அப்ப சாவி எதுக்கு? செல்ஃப் மோட்டாரைச் சுத்த விடுறதுக்கு. அவ்வளவுதான். பழைய வண்டில சாவியை ஆஃப் பண்ணாலும் இன்ஜின் ஓடிட்டே இருக்கும், நிறுத்த ஒரு குமிழை இழுக்கணும். அந்த ஸ்டாப் குமிழ் டீசலை அடைக்குது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி ஒரு உயிர் விஷயத்துல இது வரும்.

சரி, டிபக் பண்ணலாம். நான் வேலையில செய்றதையேதான் இங்கயும் செய்வேன்: பிரச்சனையைப் பாதியா வெட்டு. முதல் கேள்வி ஒண்ணே ஒண்ணு. இன்ஜின் சுத்துதா, சுத்தலையா?

சுத்தல, இல்லன்னா சோம்பேறித்தனமா சுத்துது. அப்போ மின்சாரப் பக்கம் பாருங்க. இங்க ஒரு நுணுக்கம் இருக்கு. மெதுவா சுத்தினா அமுக்கின காத்து ரிங் சந்துல கசிஞ்சிடும், சூடும் இரும்புக்குள்ள போயிடும், டீசல் பத்தாது. அதனால பேட்டரி கொஞ்சம் வீக்கா இருந்தாலே, "இன்ஜின் போச்சு, கம்ப்ரெஷன் போச்சு"ன்னு தோணும். இன்ஜினைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு மல்டிமீட்டர் வாங்குங்க. சும்மா நிக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் கிட்ட காட்டணும். செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழ விழுந்தா, சார்ஜ் போட்டுட்டு மறுபடி பாருங்க.

பேட்டரி நல்லா இருந்தும் சுத்தலன்னா, ஒயரைச் சந்தேகப்படணும். கடலூர்லேருந்து பரங்கிப்பேட்டை, கிள்ளை வரைக்கும் கடல் காத்து. உப்பும் ஈரமும் சேர்ந்து டெர்மினல்ல பச்சையா, வெள்ளையா பூத்துடும். செல்ஃப் மோட்டார் இழுக்குற கரன்ட் 250 ஆம்பியர்னு வைங்க. கனெக்‌ஷன்ல வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலே 2.5 வோல்ட் அங்கேயே காலி. அந்த 0.01 ஓமை சாதாரண மீட்டர்ல ஓம் பக்கம் வச்சு அளக்கவே முடியாது. அதனால வேற வழி: மீட்டரோட ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் தூண்ல, இன்னொரு முனை இன்ஜின் இரும்புல. யாராவது செல்ஃப் அடிக்கட்டும். அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் ஒயர்தான் குற்றவாளி. கழட்டி, எமரி ஷீட்ல தேச்சு, இறுக்கி, கிரீஸ் தடவுங்க. சில நேரம் மொத்த ரிப்பேரும் இவ்வளவுதான்.

"டிக்"னு கூட சத்தம் வரலையா? ஹை-லோ லீவர் நியூட்ரல்ல இருக்கான்னு பாருங்க. கியர்ல இருந்தா செல்ஃப் அடிக்காம இருக்க அங்க ஒரு சேஃப்டி ஸ்விட்ச் இருக்கு. அதுவும் துருப்பிடிக்கும்.

இங்கதான் அந்த உயிர் விஷயம். ஸ்விட்ச் வேலை செய்யலன்னா நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க? கீழ இறங்கி, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல நின்னு, ஸ்க்ரூ டிரைவரை வச்சு செல்ஃப் டெர்மினலை ஷார்ட் பண்றாங்க. சாவி ஆஃப்ல இருந்தாலும் இன்ஜின் எழும்பிடும், ஏன்னா டீசலுக்கு சாவி தேவையில்லைன்னு பார்த்தோமே. வண்டி கியர்ல மாட்டி இருந்தா, அந்தப் பெரிய பின் சக்கரம் நேரா நிக்கிற ஆள் மேல ஏறும். விலகுறதுக்கு நேரம் இருக்காது. உலகம் முழுக்க டிராக்டர் சாவுகள்ல இது தெரிஞ்ச வகை. உங்க வீட்ல இந்தப் பழக்கம் இருந்தா, "அப்பா, சித்தப்பா, வேணாம்"னு சண்டை போட்டாவது நிறுத்துங்க. அந்த ஸ்விட்சை மாத்துறது பெரிய செலவு இல்ல.

அடுத்த பாதி. இன்ஜின் ஜோரா சுத்துது, ஆனா பிடிக்கல. சைலன்சரைப் பாருங்க. புகையே இல்லையா? டீசல் உள்ள போகல. வெள்ளைப் புகையா? டீசல் போகுது, பத்தல. அப்பதான் கம்ப்ரெஷன், நாசில், டைமிங் பக்கம் போகணும், அதுக்கு மெக்கானிக் வேணும்.

புகை இல்லன்னா முதல்ல ஸ்டாப் குமிழ் முழுசா உள்ள போயிருக்கான்னு பாருங்க. சிரிக்காதீங்க, கேபிள் துருப்பிடிச்சு பாதியிலேயே நிக்கும். அப்புறம் டேங்க் காக், அடியில தண்ணி தேங்கி இருக்கா, ஃபில்டர். இதெல்லாம் சரின்னா மெக்கானிக்குங்க சொல்ற "ஏர் லாக்". டீசல் அமுங்காது, காத்து அமுங்கும். பைப்புக்குள்ள காத்துக் குமிழ் இருந்தா பம்ப் அடிக்கிற அழுத்தமெல்லாம் அதுலயே செலவாகி, நாசில் திறக்கவே திறக்காது.

ஏர் எடுக்கிற வரிசை முக்கியம், டேங்க்லேருந்து இன்ஜின் பக்கமா போகணும். ஃபில்டர் மேல இருக்கிற ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்ப்ல இருக்கிற கை லீவரை அடிங்க. நுரை நின்னு சுத்தமான டீசல் வந்ததும் இறுக்குங்க. லீவர் அசையாம தொளதொளன்னு இருந்தா பம்ப் கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க. உள்ள இருக்கிற கேம் உச்சத்துல நிக்குது, இன்ஜினைக் கொஞ்சம் சுத்தி விட்டா சரியாகிடும். அடுத்து பெரிய பம்ப்ல இருக்கிற ஸ்க்ரூ. கடைசியா நாசில் பைப் நட்டை லேசா தளர்த்தி, ஆக்சிலரேட்டர் முழுசா வச்சு செல்ஃப். டீசல் வெடுக்வெடுக்னு வந்ததும் இறுக்கிடுங்க. அந்த இடத்துல வெறும் கையை வைக்காதீங்க. நாசில் அழுத்தம் தோலைத் துளைச்சு டீசலை உள்ள ஏத்தும். சின்ன புள்ளி மாதிரிதான் தெரியும், ஆனா அது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம்.

காலையில மட்டும் மக்கர், ஒரு தடவை எழும்பிட்டா நாள் முழுக்க பிரச்சனை இல்லையா? டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவுல எங்கயோ காத்து இழுக்குது. அங்க டீசல் வெளிய கசியாம காத்து மட்டும் உள்ள போகலாம், அதனால கண்ணுக்குத் தெரியாது. பழைய காப்பர் வாஷர்களை மாத்திப் பாருங்க.

எபிசோடுக்கு முன்னாடி வந்த ஒரு கேள்வி: 2015 நவம்பர் மாதிரி வெள்ளத்துல முங்கின வண்டியை எப்படி ஸ்டார்ட் பண்றது? பண்ணாதீங்க. காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது. சிலிண்டருக்குள்ள தண்ணி இருக்கும்போது செல்ஃப் அடிச்சா கனெக்டிங் ராட் வளையும். பேட்டரி ஒயரைக் கழட்டுங்க. நாசில் மூணையும் கழட்டி, இன்ஜினைக் கையால சுத்தி தண்ணியை வெளிய தள்ளுங்க. இன்ஜின் ஆயில், கியர் ஆயில், டேங்க் டீசல், ஏர் ஃபில்டர் கிண்ணத்துல இருக்கிற ஆயில் எல்லாத்தையும் கொட்டி புதுசா ஊத்துங்க. அதுக்கப்புறம்தான் சாவி.